ஆறாவது கோப்பை

சவுத்தாம்ப்டனில் ஏறும்போதே
நெவில் கணக்குப் போட்டுவிட்டார்.
நாளைக்கு ஆறு கோப்பை குடித்தால்
பானச் சீட்டுக்குக் கொடுத்த காசு கழியும்.
ஏழாவதிலிருந்து லாபம்.

முப்பத்தொரு வருடம் கிரிம்ஸ்பியில்
வீடுவீடாய்ப் போய் கேஸ் மீட்டர் படித்தவர்.
அதே சின்ன நோட்டு. அதே மொட்டைப் பென்சில்.
ஒன்பதரைக்கு நுரைக்காப்பி, ஒரு கோடு.
பதினொன்றுக்கு பீர், ஒரு கோடு.
குடை செருகிய ஏதோ ஒரு நீலத் திரவம்
(பிடிக்கவில்லை, இருந்தாலும்) ஒரு கோடு.
"லாபம் வருகிற விஷயம்
உன் ஈரலுக்குத் தெரியுமா?" என்றாள் கிளெனிஸ்.

பதினாறு அடுக்குக் கப்பல்.
சாப்பிட மட்டும் பதிமூன்று இடம்.
மூன்றாம் தளத்தில் வெள்ளை விரிப்பு,
எதை முதலில் எடுப்பதென்று தெரியாத
நான்கு முள்கரண்டிகள்.
பன்னிரண்டில் பஃபே:
வாசலில் ரொடேலியோ கிருமிநாசினிக் குப்பியோடு
"கை, கை, ரெண்டு கையும்" என்று ராகம் போடுவான்.
உள்ளே தட்டுகள் எப்போதும் வெதுவெதுப்பு,
யாரோ இப்போதுதான் பிடித்து விட்ட மாதிரி.
ஜப்பான் மீனுக்குத் தனிக் காசு.
கறி சுடும் கூடத்துக்குத் தனிக் காசு,
முழுக்கால்சட்டையும் வேண்டும்.
குளத்தோரம் இரவு இரண்டு வரை பீட்சா.
ஈரக்காலோடு நின்று தின்னலாம்,
யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பிஸ்கே விரிகுடா வந்ததை
முதலில் கண்டுபிடித்தது சூப்.
கிண்ணத்தின் ஒரு பக்கம் ஏறியது, யோசித்தது,
மறுபக்கம் போனது.
நெவில் அதன் மட்டத்தை
பழைய பழக்கத்தில் படித்துக்கொண்டே இருந்தார்,
படிக்கக்கூடாது என்று தோன்றும்வரை.

மறுநாள்
மின்தூக்கிக் கைப்பிடிகளிலெல்லாம்
காகிதப் பைகள் செருகியிருந்தன.
குளத்துக்கு வலை போட்டார்கள்.
பதிமூன்று சமையலறையிலும் அடுப்பு எரிந்தது.
மூவாயிரம் பேருக்கும்
வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று:
வரவேற்பு மேசையில் கூடை கூடையாய்
பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட்.

பதினொரு மணி ஆனதும்
சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார் நெவில்,
சட்டைப்பையில் நோட்டு.
பார் முழுக்க ஆளில்லை.
ஸ்ட்ராவ்கோ பாட்டில்களைப் பிளாஸ்டிக் தாளால்
குழந்தைகளைப் போல் சுற்றிக் கட்டியிருந்தான்.
வார்னாவில் பிறந்தவன். கடல் அவனை ஒன்றும் செய்வதில்லை,
காதுமடல் மட்டும் கொஞ்சம் சிவக்கும்.
"ஒரு பீர்."
அவர் முகத்தைப் பார்த்தான்.
இஞ்சி சோடா ஊற்றினான், பாதிதான்.
ஒரு ஆப்பிளை இரண்டாய் வெட்டினான்.
"இது சீட்டில் வராது, இதற்குக் காசுமில்லை."
"அப்படியென்றால் எப்படி எழுதுவது?"
கப்பல் சாய்ந்தது. பென்சில் உருண்டு
ஐஸ்பெட்டிக்கு அடியில் போனது.

கிளெனிஸ் அந்நேரம் மூன்றாம் தளத்தில்,
நானூறு நாற்காலிகளுக்கு நடுவே தனியாக,
ஆட்டுக்கால் வாட்டலை முடித்துவிட்டு
இன்னொரு ரொட்டி கேட்டாள்.
மில்ஃபோர்ட் ஹேவன்காரி.
அப்பா மீன்படகில் சமையல்காரர்.
ஆடுகிற மேசையில் தட்டு நழுவாமலிருக்க
விரிப்பை நனைத்துப் போடவேண்டுமென்று
ரொடேலியோவிடம் சொன்னாள்.
"தெரியும், அம்மணி. எங்கள் மெஸ்ஸில் அதுதான்."
"அங்கே இன்றைக்கு என்ன?"
"சோறு. கருவாடு. காடியில் பூண்டு."
வரைபடத்தில் இல்லாத பதினான்காவது இடம்,
நீர்மட்டத்துக்குக் கீழே.
அவள் ஒன்றும் கேட்கவில்லை,
அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
இனிப்பு வந்தபோது, காபித் தட்டுக்குக் கீழே
கைக்குட்டையில் மடித்து
வறுத்த கருவாடு ஒரு துண்டு வந்தது.
விரலால் தின்றாள்.
நான்கு முள்கரண்டியும் பார்த்துக்கொண்டிருந்தன.

அறையில் நெவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
பக்கத்தில் பாதி ஆப்பிள், பழுப்பேறி.
"என்ன நாற்றம் அது?"
"மதியச் சாப்பாடு."
"எந்த உணவகம்?"
அவள் செருப்பைக் கழற்றினாள்.
"இன்றைக்கு ஆறும் நஷ்டம்" என்றார் அவர்,
போர்வைக்குள்ளிருந்து.
"இஞ்சி சோடாவைச் சேர்த்தால் ஐந்து."
"அதைச் சேர்க்கமுடியாது, கிளெனிஸ்.
அது சும்மா கொடுத்தது."

அவள் மிச்சமிருந்த பாதியை எடுத்துக் கடித்தாள்.
புளிப்பு.
காடிக்கு மேல் நன்றாகத்தான் இருந்தது.